தாது வருஷத்துச் சாவுக் கணக்கு: மருத்துவர் கார்னிஷும் சேலம் சமவெளியும்

தமிழகத்தில் மருத்துவப் புள்ளியியல் எங்கே தொடங்கியது என்று தேடிப் போகிறவர், மருத்துவக் கல்லூரியின் வகுப்பறைக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ முன்னதாக, 1876-78 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் வந்து நிற்க நேரும். தாது வருஷப் பஞ்சம் என்று தமிழர் நினைவில் பதிந்த அந்தப் பேரழிவு தாது ஆண்டில் மழை பொய்த்துத் தொடங்கி, ஈசுவர ஆண்டில் உச்சம் கண்டது. அதில் எத்தனை பேர் இறந்தனர், ஏன் இறந்தனர், எந்த அளவு உணவு தரப்பட்டிருந்தால் அவர்களுள் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்ற கேள்விகளை எண்களாக மாற்றி, அந்த எண்களைச் சாட்சியாக அரசின் முன் நிறுத்தியவர் ஒரு மருத்துவர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் ராபர்ட் கார்னிஷ் என்ற அவருடைய பெயர் இன்று அத்துறை மாணவர்களுக்குக்கூடப் பெரிதும் தெரியாது. அவர் கணக்கிட்ட சாவுகளில் பெரும்பங்கு நிகழ்ந்த மாவட்டங்களுள் ஒன்று, இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய சேலம் மாவட்டம்.

மருத்துவப் புள்ளியியல் என்பது, ஒருவரின் உடலைப் பார்த்து அறிய முடியாததைப் பலரின் உடல்களை எண்ணி அறிய முயலும் துறை. பாரிஸ் நகரத்து மருத்துவர் பியேர் லூயி 1830களில் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து எண்ணி, நிமோனியாவுக்கு இரத்தம் வடித்தல் என்ற வழக்கமான சிகிச்சை சொல்லப்பட்ட அளவுக்குப் பயன் தரவில்லை என்று காட்டினார். மருத்துவம் பயின்ற வில்லியம் ஃபார் இலண்டன் பதிவாளர் அலுவலகத்தில் அமர்ந்து, சாவுக்கான காரணங்களை வகைப்படுத்தி, ஆண்டுதோறும் நாட்டின் மரணங்களை ஒப்பிடத்தக்க அட்டவணைகளாக்கினார். இந்தியாவில் இம்முறை முதலில் நுழைந்தது படை முகாம்களுக்குள்தான். இங்கிருந்த ஆங்கிலப் படையினரிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்து வந்ததை 1863இல் அறிக்கை தந்த அரச ஆணையம் வெளிப்படுத்தியது. ஃபாரும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் அந்த எண்களை விடாமல் பற்றிக்கொண்டு வாதிட்டதன் விளைவாக, வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. சிப்பாயின் உயிருக்காகத் தொடங்கிய கணக்கு மெல்ல மெல்லக் குடியானவனின் வாசலுக்கும் வந்தது.

கார்னிஷ் 1828இல் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் பிறந்து, இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பயின்று, 1854இல் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்தவர். பஞ்சத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1863இல், சென்னை மாகாண மக்கள் எதை, எவ்வளவு உண்கிறார்கள் என்பது பற்றிய அறிக்கை ஒன்றை அவர் தொகுத்தார் என்பது பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. தென்னிந்தியர் அனைவரும் சோறுண்பவர் என்று சீமையில் நிலவிய எண்ணத்துக்கு மாறாக, சேலம் போன்ற மேட்டுநில மாவட்டங்களில் உழைப்பவரின் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சோளமும் சாமையும்தான். நெல்லுச்சோறு நோன்புக்கும் திருநாளுக்கும் உரியது. அந்தத் தானியங்களின் அளவையும் தரத்தையும் பல ஆண்டுகளாக அறிந்திருந்த ஒருவர் சுகாதார ஆணையராக வாய்த்திருந்தது பஞ்ச காலத்தில் தற்செயலாகக் கிடைத்த நன்மை.

அவர் கையிலிருந்த கருவிகள் இரண்டு. ஒன்று, 1860களின் நடுவில் தொடங்கியிருந்த கிராம மரணப் பதிவு. கிராமத்தில் ஒரு சாவு நேர்ந்தால் வெட்டியான் அல்லது தலையாரி வழியாகச் செய்தி மணியக்காரருக்குப் போகும். அவர் அதை வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், பிற என்ற சில தலைப்புகளுள் ஒன்றில் குறித்துத் தாலுகா கச்சேரிக்கு அனுப்புவார். அங்கிருந்து மாவட்டத்துக்கும் சென்னைக்கும் அது எண்ணாகப் போய்ச் சேரும். எழுதுகிறவர் மருத்துவரல்லர், இறந்தவரை நோய்க்காலத்தில் பார்த்தவருமல்லர் என்பதால், ‘காய்ச்சல்’ என்ற தலைப்புக்குள் மலேரியாவும் டைபாய்டும் காசநோயும் பட்டினியும் ஒன்றாகவே அடங்கின. பட்டினி என்றொரு தலைப்பே படிவத்தில் இல்லாதது சிறிய குறை அன்று: வயிறு ஒட்டி இறந்தவர் கடைசி நாட்களில் வயிற்றுப்போக்கால் இறந்ததாகவே ஏட்டில் ஏறினார். அமைதியான ஆண்டுகளிலும் மாகாணத்தில் பதிவான மரண விகிதம் ஆயிரத்துக்கு இருபதை ஒட்டியே இருந்தது. அக்காலத்து வாழ்நிலைக்கு இது மிகக் குறைவான எண் என்பதால், பல சாவுகள் ஏட்டுக்கு வராமலே போயின என்பது வெளிப்படை.

மற்றொரு கருவி 1871 நவம்பர் 15 அன்று எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு. அன்றைய தமிழில் கானேசுமாரி எனவும் குடிமதிப்பு எனவும் வழங்கிய இக்கணக்கெடுப்புகள் சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கொருமுறை கிராம அலுவலர்களால் எடுக்கப்பட்டு வந்தாலும், நாடு தழுவிய முயற்சியின் பகுதியாக, ஒரே முறைப்படி நடந்தது 1871இல்தான். அதை மேற்பார்த்து, 1874இல் அறிக்கை எழுதியவர் கார்னிஷ். ஒரு மருத்துவரிடம் இப்பணி ஏன் சேர்ந்தது என்பதற்கு விடை, விகிதம் என்ற சொல்லிலேயே இருக்கிறது. பின்னத்தின் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி. இறந்தோர் எண்ணிக்கை தொகுதி. இறக்கக்கூடிய நிலையில் வாழ்ந்திருந்தோர் எண்ணிக்கை பகுதி. ஓர் ஊரில் நூறு பேர் இறந்தனர் என்பது மட்டும் எதையும் சொல்லாது. ஆயிரம் பேரில் நூறா, பத்தாயிரம் பேரில் நூறா என்று தெரிந்தால்தான் அது மருத்துவச் செய்தியாகும். கார்னிஷ் தொகுதியையும் பகுதியையும் ஒருவரே கையாளும் அரிய நிலையில் இருந்தார். அக்கணக்கின்படி 1871இல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995.

ஐந்தே ஆண்டுகளில் அந்த எண் பொருளிழக்கத் தொடங்கியது. 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சேலம் மாவட்டத்தில் காவிரிக் கரையை ஒட்டிய வாய்க்கால் பாசன ஊர்களை விட்டால் எஞ்சியவை பெரும்பாலும் வானம் பார்த்த மேட்டுக்காடுகளும், ஒரு மழை தவறினால் வறண்டுபோகும் ஏரிகளும் கிணறுகளும்தான். கம்பும் சோளமும் கருகின. அடுத்த ஆண்டுக் கோடையிலும் மழை முறையாக வரவில்லை. மாவட்டத்தின் ஊடே இருப்புப்பாதை ஓடிக்கொண்டிருந்தது. தானியமும் அதில் வந்திறங்கியது. ஆனால் விலை ஏறிய வேகத்தில், கூலி இழந்தவருக்கும் தறி நின்றுபோன நெசவாளருக்கும் கண்முன்னே குவிந்த மூட்டை எட்டாப் பொருளாயிற்று. அரசு நிவாரணப் பணிகளைத் திறந்து, சாலை போடவும் கல்லுடைக்கவும் ஏரி வெட்டவும் ஆட்களை எடுத்தது. சென்னைக் கடலோரத்தில் இன்றும் பக்கிங்காம் பெயரைத் தாங்கிக் கிடக்கும் கால்வாயின் ஒரு பகுதி அக்காலத்துப் பஞ்சப் பணியே.

1877இன் தொடக்கத்தில் வைசிராய் லிட்டனின் தூதராக ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். இவர் 1873-74 பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை ஏராளமாக இறக்கிச் சாவைப் பெரும்பாலும் தடுத்தவர். அதற்கான செலவுக்காகவே கடுமையாகக் கண்டிக்கப்பட்டவர். உயிர்களைக் காத்ததற்காகப் பழி சுமந்த அதிகாரி அடுத்த பஞ்சத்தில் சிக்கனத்தின் கருவியானார் என்பது அந்த ஆட்சியின் நெறி எப்படிப்பட்டது என்பதைக் காட்டுகிறது. டெம்பிள் வகுத்த கூலி, நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும். பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்க்கும் இன்னும் குறைவு. ஒரு ராத்தல் ஏறத்தாழ 450 கிராம். இன்றைய கணக்கில் அத்தனை அரிசி தருவது சுமார் 1,600 கலோரி. வெயிலில் கல்லுடைக்கும் உடலுக்கு இது பாதியளவு.

கார்னிஷின் எதிர்ப்பு இரக்கத்தில் பிறந்திருக்கலாம். வாதமோ முற்றிலும் அளவையில் நின்றது. அக்கால உடலியலில் உணவின் வலிமையை அதிலுள்ள நைட்ரஜன் அளவைக் கொண்டு, அதாவது இன்று புரதம் என்று சொல்வதைக் கொண்டு, மதிப்பிட்டனர். அவ்வகையில் தீட்டிய அரிசி, சேலத்து உழவர் பழகியிருந்த கேழ்வரகுக்கும் கம்புக்கும் ஈடாகாது என்பதும், சிறையில் கடின உழைப்புத் தண்டனை பெற்ற கைதிக்கு அரசே அளந்து கொடுக்கும் உணவு இந்தக் கூலியைவிட மிகுதி என்பதும் அவருடைய வாதத்தின் இரு தூண்கள். குற்றவாளிக்கு உயிர்வாழ இவ்வளவு வேண்டும் என்று அரசின் மருத்துவர்கள் பல ஆண்டு அனுபவத்தால் வகுத்திருக்கையில், குற்றமற்ற பசித்தவனுக்கு அதைவிடக் குறைவு எப்படிப் போதும் என்ற கேள்விக்கு டெம்பிளிடம் ஏற்கத்தக்க விடை இல்லை. ஒன்றரை ராத்தல் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று கார்னிஷ் வற்புறுத்தினார். டெம்பிளின் 1877 மார்ச் மாதக் குறிப்புகளுக்கு அவர் எழுதிய மறுப்பு தனி நூலாகவே அச்சாயிற்று. மாகாண அரசு இறுதியில் ஒன்றேகால் ராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் என்ற நடுவழிக்கு வந்தது. கால் ராத்தலில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உடலின் சதையே கரைந்து எரியும் நிலையில் இருப்பவருக்கு, நாள்தோறும் கிடைக்கும் நானூறு கலோரி உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரம்.

இந்தச் சர்ச்சையில் புள்ளியியல் நோக்கில் மிக ஆழமானது, நிவாரணத்தில் இருந்தோரின் சாவை அவர் கணக்கிட்டுக் காட்டிய முறை. நிவாரண முகாமில் இருப்போர் தொகை நாள்தோறும் மாறும். சிலர் வருவர், சிலர் போவர், சிலர் இறப்பர். அப்படியிருக்கப் பகுதியாக எதைக் கொள்வது? படையிலும் சிறையிலும் மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர்: ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் இருந்தனர் என்று கூட்டி, நாட்களால் வகுத்து, சராசரி இருப்பைக் கண்டு, அதற்கு எத்தனை பேர் இறந்தனர் என்று சொல்வது. ஒரு மாதச் சாவு ஆண்டு முழுதும் அதே வேகத்தில் நீடித்தால் என்னவாகும் என்று பெருக்கிச் சொன்னால்தான் வழக்கமான ஆண்டு விகிதத்தோடு ஒப்பிட முடியும். அப்படிப் பெருக்கியபோது மாதச் சாவின் வேகம் ஆண்டுக்கு நூற்றுக்கு 94 என்ற அளவை எட்டியிருந்ததைக் கார்னிஷ் சுட்டிக்காட்டினார். அதாவது ஆயிரம் பேரில் ஏறத்தாழ 78 பேர் ஒரே மாதத்தில் இறந்துகொண்டிருந்தனர். மாதத்துக்கு நூற்றுக்கு எட்டு என்று சொல்லியிருந்தால் கோப்பில் கரைந்திருக்கக்கூடிய செய்தி, ஆண்டுக்கு நூற்றுக்கு 94 என்ற வடிவில் மறுக்க முடியாத குற்றச்சாட்டாயிற்று.

இவ்வகை எண்ணுக்கு எழக்கூடிய மறுப்பும் வலுவானதே. முகாமுக்கு வருவோர் முன்பே உடல் நலிந்தவர். ஆகவே அங்கு நிகழும் சாவு அங்கே கிடைத்த உணவின் குறையைக் காட்டாது, வரும்போதிருந்த நிலையையே காட்டும். தெரிவுப் பிழை என்று இன்றைய புள்ளியியலார் இதை அழைப்பர். ஆய்வுக்கு வந்து சேர்ந்த கூட்டமே பொதுமக்களிலிருந்து வேறுபட்டிருப்பதால் விளையும் பிழை அது. இதனால்தான் முகாமின் எண்ணோடு நில்லாமல், உழைக்கத் தகுதியுடையோர் என்று பணியில் சேர்க்கப்பட்டவர்களின் உடல்நிலை நாளடைவில் சரிந்ததையும் பார்க்க வேண்டியிருந்தது. பிண ஆய்வுகளும் துணைக்கு வந்தன. பஞ்சத்தில் இறந்தோரின் உடல்களை ஆய்ந்த மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர் 1889இல் வெளியிட்ட நூல், சென்னைப் பஞ்சத்தின் நோய்களைப் பற்றியது. நீண்ட பட்டினியால் குடலின் உட்சவ்வே அழிந்துபோகிறது. அதன்பின் உணவு கிடைத்தாலும் உடல் அதை ஏற்காது என்பது அக்காலத்து மருத்துவர் கண்ட உண்மை. தாமதமாக வரும் சோறு ஏன் காப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. உதவியைச் சாவு எண்ணிக்கை ஏறிய பிறகு பெருக்குவதில் பயனில்லை, உடல் இளைக்கத் தொடங்கும்போதே தர வேண்டும் என்ற கொள்கைக்கு அடிப்படையும் இதுவே.

1877இல் சென்னை மாகாணத்தில் பதிவான மரணங்கள் 15 லட்சத்தைத் தாண்டின. முந்தைய ஆண்டின் இருமடங்குக்கும் மேல். வாந்திபேதி மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஆனால் சாவு பெருகும் காலத்தில்தான் சாவுக் கணக்கு உடைந்துபோகிறது. மணியக்காரர் நிவாரண வேலையில் இருக்கிறார். வெட்டியானே ஊரைவிட்டுப் போயிருக்கிறார் அல்லது இறந்திருக்கிறார். ஊர்விட்டு ஊர் போகும் வழியில் சாலையோரம் விழுந்தவரை எந்த ஊர்க் கணக்கிலும் எழுதுவாரில்லை. பசி மிகுந்த ஊரில் பதிவு மிகக் குறைந்திருக்கும் என்ற இந்த முரண்பாட்டை அறிந்ததால், பதிவேட்டின் கூட்டுத்தொகையை நம்பி நிற்காமல், மிகை மரணம் என்ற கருத்தின் வழியே உண்மையை நெருங்க வேண்டியிருந்தது. வழக்கமான ஆண்டில் எதிர்பார்க்கத்தக்க சாவுகளைக் கழித்து எஞ்சுவது மிகை மரணம். கொரோனாக் காலத்தில் செய்தித்தாள் படித்த எவருக்கும் இன்று பழகிய சொல் இது.

பதிவேடு கைவிட்டபோது எஞ்சிய வழி, இருப்பவர்களை எண்ணி இறந்தவர்களை ஊகிப்பது. 1878 மார்ச்சில் பஞ்சம் தாக்கிய பகுதிகளுள் சிலவற்றில் சோதனைக் கணக்கெடுப்பு நடத்தி, 1871 எண்களோடு ஒப்பிட்டனர். நார்வே நாட்டுக் கியேர் 1895இல் மாதிரியெடுப்பு முறையைப் புள்ளியியலார் அவையில் முன்வைப்பதற்குப் பதினேழு ஆண்டு முன்னரே, பகுதியை எண்ணி முழுமையை அறியும் தேவை இங்கே பஞ்சத்தால் எழுந்துவிட்டது. அந்தச் சோதனை மாகாணத்தின் இழப்பு பதிவேடு காட்டியதைவிட மிகப் பெரிது என்று உணர்த்திற்று. பஞ்சத்தின்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட வரலாறும் இவ்வகை எண்களின் மேல் எழுந்ததே.

முழு உண்மை 1881 பிப்ரவரிக் கணக்கெடுப்பில் வெளிப்பட்டது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 15,99,595. பத்தாண்டில் குறைந்தவர் 3,67,400 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 19. இந்த எண்ணையும் அப்படியே இழப்பென்று கொள்வது சரியன்று. 1871க்கும் 1876க்கும் இடையே மக்கள் பெருகியிருப்பர். 1871இன் கணக்கிலேயே விடுபட்டோர் இருப்பர். இவ்விரண்டையும் கருதினால் உண்மை இழப்பு இன்னும் பெரிது. மறுபுறம், இலங்கைத் தோட்டங்களுக்கும் மலைத் தோட்டங்களுக்கும் போனவர்களை இறந்தவராக எண்ணக்கூடாது. பிறவாமல் போனவர்களும் இக்குறைவில் அடங்குவர்: பசித்த உடல் கருவுறுவதில்லை என்பதால் 1878இல் பதிவான பிறப்புகள் வழக்கத்தைவிட வெகுவாகச் சரிந்தன. இவ்வாறு ஒரே எண்ணுக்குள் சாவு, பெயர்ச்சி, பிறப்பிழப்பு என்ற மூன்றும் கலந்துகிடப்பதைப் பிரித்தறிவதே மக்கள்தொகையியலின் வேலை. 1991இல் டிம் டைசன் தெற்காசியப் பஞ்சங்களின் மக்கள்தொகையியலை ஆராய்ந்தபோது, நூறாண்டுக்கு முந்தைய சென்னை மாகாணத்தின் மாதவாரிப் பதிவுகள் அதற்குப் பயன்பட்டன. குறைகள் மலிந்த அந்த ஏடுகள் இல்லையேல் அவ்வாய்வுக்கு இடமே இருந்திராது.

கார்னிஷை வழிபடத்தக்கவராகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் அரசின் ஊழியர். நிலவரியின் சுமை பஞ்சத்தில் எவ்வளவு பங்கு வகித்தது என்ற கேள்வி அவருடைய வாதங்களின் மையத்தில் இல்லை. 1871 அறிக்கையில் சாதிகளை வரிசைப்படுத்திய விதம் அக்காலத்து ஆங்கிலேயரின் இனக் கருத்துகளிலிருந்து விலகியதுமன்று. பின்னாளில் அவர் மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்தார், 1896இல் மறைந்தார். பஞ்ச ஆணையம் 1880இல் தந்த அறிக்கையும் அதைத் தொடர்ந்த பஞ்ச விதித்தொகுப்புகளும், உழைப்பவரின் உணவளவை டெம்பிள் அளவிலிருந்து உயர்த்தியே வைத்தன. அந்த அளவில் அவருடைய கணக்கு வென்றது. ஆனால் அதற்கு முன்பே சேலத்து மேட்டுக்காடுகளில் புதைக்கப்பட்டவர்களுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தமிழகத்து மருத்துவப் புள்ளியியலின் முதல் தரவுகளைத் திரட்டியவர்கள் கார்னிஷோ அவருடைய எழுத்தர்களோ அல்லர். தன் பெயர் எந்த அறிக்கையிலும் ஏறாத வெட்டியானும், மையும் ஏடும் கொண்டு எழுதிய மணியக்காரரும்தான். சேரிக்குள் நிகழ்ந்த சாவைத் தெரிவிக்கும் பொறுப்பு சமூகத்தின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவர் தலையில் இருந்ததும், அவரே பசியில் முதலில் விழக்கூடியவராக இருந்ததும், அந்த ஏடுகளில் விடுபட்டோர் யார் என்பதை ஓரளவு சொல்லிவிடும்.

மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்வதோடு இதுவரை பெரும்பாலும் நின்றுவிட்டோம். நாமக்கல் தாலுகாவில் காவிரி வாய்க்கால் பாய்ந்த மோகனூர்ப் பக்கமும், மானாவாரியை நம்பிய மேட்டுப் பக்கமும் ஒரே அளவில் இழந்தனவா, திருச்செங்கோட்டு நெசவாளர் ஊர்களும் ஆத்தூர்ப் பக்கத்து உழவர் ஊர்களும் எப்படி வேறுபட்டன, இருப்புப்பாதைக்கு அருகிலிருந்த ஊர்கள் தப்பினவா என்ற கேள்விகளுக்கு விடை, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் சுகாதாரத்துறைக் கோப்புகளிலும் அன்றைய ஆண்டறிக்கைகளிலும் தேடப்பட வேண்டியது. சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் சமுதாய மருத்துவம் பயிலும் மாணவர்கள் ஆண்டுக்கொரு தாலுகாவை எடுத்துக்கொண்டு, 1871 முதல் 1891 வரையிலான பிறப்பு, இறப்பு, மக்கள்தொகை எண்களைத் தமிழில் அட்டவணைப்படுத்தத் தொடங்க வேண்டும். 1891 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,62,591. இருபது ஆண்டு கழிந்தும், 1871இல் இருந்ததைவிட 4,404 பேர் குறைவு.